வென்ற வண்டி, தோற்ற கம்பெனி: இட்டாலாவின் முப்பது ஆண்டுகள்

1907-ஆம் ஆண்டு இத்தாலியக் கார்த் தொழிலுக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. பீக்கிங்கிலிருந்து புறப்பட்ட ஓர் இத்தாலியக் கார், ஆசியாவையும் ஐரோப்பாவையும் கடந்து ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் இத்தாலியப் பங்குச் சந்தைகளில் கார்க் கம்பெனிகளின் பங்குகள் சரிந்தன. முதல் செய்தியை உலகம் இன்றும் பேசுகிறது. இரண்டாவதைப் பொருளாதார வரலாறு படிப்பவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். பாரிஸ் வந்த அந்தக் காரைச் செய்த இட்டாலா கம்பெனியைப் பற்றி எழுத வேண்டுமானால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இட்டாலா 1904-ல் டுரின் நகரில் தொடங்கியது. 1930களின் நடுவில் இருந்த இடம் தெரியாமல் போனது. ஏன் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பணக்காரர்களுக்கு மட்டும் வண்டி செய்தது என்பார் ஒருவர். வால்வு விஷயத்தில் வேண்டாத புதுமையில் இறங்கியது என்பார் இன்னொருவர். முதல் உலகப் போரில் எடுத்த விமான எஞ்சின் ஒப்பந்தம்தான் கவிழ்த்தது என்பது மோட்டார் வரலாற்று நூல்களில் அடிக்கடி வரும் விடை. ஃபியட் இருந்த ஊரில் வேறொருவர் பிழைப்பது எங்கே என்று கைவிரிப்பவர்களும் உண்டு. நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதே ஊரில், அதே காலத்தில் பிழைத்துக்கொண்ட கம்பெனிகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இவற்றில் சில தாக்குப்பிடிப்பதில்லை.

முதலில் ஊர். டுரின் 1861 முதல் 1865 வரை ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகராக இருந்தது. தலைநகரம் ஃபுளோரன்ஸுக்கு மாறியதும், அரசவையையும் அமைச்சகங்களையும் நம்பி வாழ்ந்த நகரம் வேறு பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது. படைக்கலச் சாலையில் இரும்பு வேலை பழகிய தொழிலாளிகள் இருந்தார்கள். குதிரை வண்டி கட்டும் பட்டறைகள் இருந்தன. ஆல்ப்ஸ் மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். கார்த் தொழில் அப்போது உச்சத்தில் இருந்த பிரான்ஸ் மலைக்கு அந்தப்பக்கம்தான். எல்லாவற்றுக்கும் மேல், கையில் பணமும் பொழுதும் உள்ள பிரபுக்களும் ஓய்வுபெற்ற குதிரைப்படை அதிகாரிகளும் ஊர் முழுக்க இருந்தார்கள்.

இந்த ஊருக்குக் கூனியோ பக்கத்துக் கடிகாரக்காரர் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் செய்ரானோ சகோதரர்கள். மூத்தவர் ஜொவான்னி பத்திஸ்தா சைக்கிள் கட்டி விற்றார். ஆங்கிலச் சைக்கிள்களுக்கு மவுசு இருந்த காலம் என்பதால் தன் சைக்கிளுக்கு ‘வெல்லைஸ்’ என்று ஆங்கிலம் போல ஒலிக்கும் பெயர் வைத்தார். 1898-ல் கம்பெனி தொடங்கி, அரிஸ்தீதே ஃபச்சோலி என்ற பொறியாளரை வைத்து அதே பெயரில் ஒரு சின்னக் காரும் செய்தார். கணக்கு எழுத அங்கே வேலைக்கு இருந்த இளைஞர் வின்சென்சோ லான்சியா. பட்டறையில் தொழில் பழகியவர் ஃபெலிச்சே நத்சாரோ. பின்னாளில் முன்னவர் பெயரில் ஒரு கார் வந்தது. பின்னவர் ஐரோப்பாவின் பெரிய பந்தய ஓட்டுநர்களில் ஒருவரானார். ஒரு சைக்கிள் பட்டறை இத்தனை பேரைத் தந்திருக்கிறது.

கார் நன்றாக இருந்தது. வந்த ஆர்டர்களுக்கு வண்டி செய்து கொடுக்க முதலில்லை. 1899 ஜூலை 11 அன்று டுரின் கனவான்கள் சிலர் கூடித் தொடங்கிய ஃபியட், செய்ரானோவின் பட்டறை, வடிவமைப்பு, காப்புரிமை எல்லாவற்றையும் 30,000 லீராவுக்கு வாங்கிக்கொண்டது. ஃபியட்டின் முதல் கார், மூன்றரைக் குதிரைசக்திக் கார், உண்மையில் வெல்லைஸின் வாரிசுதான். பின்னால் ஓட்டும் கியர்கூட அதில் கிடையாது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி கட்டி நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடிய ஃபியட் 1100-க்கும், அதன் மறுபெயரான பத்மினிக்கும் கொள்ளுத்தாத்தா யார் என்று தேடினால் இந்தச் சைக்கிள்காரர் பட்டறையில்தான் போய் நிற்போம்.

விற்ற பிறகும் செய்ரானோக்கள் சும்மா இருக்கவில்லை. ஜொவான்னி பத்திஸ்தா ‘ரபிட்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர் தம்பி ஜொவான்னி ‘ஸ்காட்’ தொடங்கினார். அது டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1911, 1912, 1914 என மூன்று முறை வென்றது. இன்னொரு தம்பி மத்தேயோ ஐந்து கூட்டாளிகளோடு 1904-ல் இட்டாலாவைத் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளில் அதைவிட்டு விலகி ‘ஸ்பா’ என்ற இன்னொரு கம்பெனிக்குப் போனார். தொடங்கும் கைராசி இவர்களிடம் நிறைய இருந்தது. உட்கார்ந்து நடத்தும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை. இட்டாலா தன் இரண்டாவது வயதிலேயே தோற்றுவித்தவரை இழந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நிர்வாகத்தில் கை ஓங்கியவர் குயிதோ பிஜோ. வண்டியை வடிவமைத்தவர் ஆல்பெர்த்தோ பல்லோக்கோ.

பல்லோக்கோவின் வண்டிகளில் ஒரு தைரியம் இருந்தது. அன்றைய பெரிய கார்கள் பலவற்றில் எஞ்சினின் சக்தி சைக்கிளில் போலச் சங்கிலி வழியாகவே பின்சக்கரத்துக்குப் போனது. சங்கிலிக்குப் பதில் சுழலும் தண்டு வைத்தால், சக்தி கூடும்போது அது தாங்காது என்று நினைத்தார்கள். இட்டாலா நூறு குதிரைசக்திப் பந்தயக் காரிலேயே தண்டைப் போட்டது. 1905-ல் பிரெஷியாவில் நடந்த கோப்பா ஃப்ளோரியோ பந்தயத்தை ஏறக்குறைய 15 லிட்டர் எஞ்சின் கொண்ட அந்தக் காரில் ராஜ்ஜோ என்ற ஓட்டுநர் வென்றார். அடுத்த ஆண்டு மே 6 அன்று சிசிலியில் வின்சென்சோ ஃப்ளோரியோ முதல் டார்கா ஃப்ளோரியோவை நடத்தினார். மதோனியே மலைகளைச் சுற்றி 148 கிலோமீட்டர் நீளும் கல்லும் புழுதியுமான பாதை. அதை மூன்று முறை சுற்ற வேண்டும். அலெஸ்ஸாந்த்ரோ கான்யோ இட்டாலாவில் ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து முதலில் வந்தார். சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டருக்கும் குறைவு. இன்றைக்கு நெடுஞ்சாலைப் பேருந்து இதைவிட வேகமாகப் போகும். ஆனால் அந்த மலைப்பாதையில் 446 கிலோமீட்டரும் உடையாமல் ஓடி முடிப்பதே அன்று பெரிய காரியம்.

இந்த ‘உடையாமல்’ என்ற பெயர்தான் இட்டாலாவின் முதல். அதை உலகறியச் செய்தது பீக்கிங்-பாரிஸ் ஓட்டம்.

‘லெ மத்தேன்’ என்ற பாரிஸ் நாளிதழ் 1907 ஜனவரி இறுதியில் ஒரு சவால் விட்டது: பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்குக் காரில் வர யாருக்குத் துணிச்சல்? கடைசியில் ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகள் புறப்பட்டன. பிரான்ஸின் தெ தியோன்-பூத்தோன் இரண்டு, ஹாலந்தின் ஸ்பைக்கர் ஒன்று, கொந்தால் என்ற மூன்று சக்கர வண்டி ஒன்று, இளவரசர் ஸ்கிபியோனே பொர்கேசேயின் இட்டாலா ஒன்று. மற்றவை இலேசானவை. இட்டாலாவோ 7.4 லிட்டர் எஞ்சின் கொண்ட பெரிய வண்டி. அது பந்தயக் கார் இல்லை, கடையில் விற்கும் வகைதான். சட்டத்தைப் பலப்படுத்தி, பெரிய பெட்ரோல் தொட்டிகளும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தினார்கள். மலைகளையும் சதுப்பையும் கடக்க எடை குறைந்த வண்டியே சரி என்று நினைத்தவர்கள் இட்டாலா முதலில் புதையும் என்று எதிர்பார்த்தார்கள்.

பொர்கேசே இந்த ஓட்டத்தைப் படையெடுப்பு போலத் திட்டமிட்டார். புறப்படும் முன்பே குதிரையில் மலைக் கணவாய்களுக்குப் போய், காரின் அகலத்துக்கு வெட்டிய மூங்கில் கோலால் பாறை இடுக்குகளை அளந்து பார்த்தார். வழி நெடுகப் பெட்ரோல் கிடங்குகள் ஏற்பாடு செய்தார். கோபி பாலைவனத்துக்கு ஒட்டகங்கள் முன்கூட்டியே எரிபொருளைச் சுமந்து போயின. பீக்கிங்குக்கு வடக்கேயுள்ள மலைகளில் எஞ்சினுக்கு வேலையில்லை. கூலியாட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். மெக்கானிக் எத்தோரே குயிட்சார்தி, ரயில் விபத்தில் தகப்பனை இழந்து சின்ன வயதிலேயே இளவரசர் வீட்டில் அடைக்கலமானவர். ஓட்டம் முழுவதும் வண்டியை உயிரோடு வைத்திருந்தது அவர் கைதான்.

மூன்றாவது ஆள் ‘கொரியேரே தெல்லா சேரா’ நாளிதழின் செய்தியாளர் லூயிஜி பர்சீனி. பாலைவனத்துத் தந்தி நிலையம் ஒன்றில் அவர் செய்தி கொடுத்தபோது எழுத்தர் அதற்கு ஒன்று என எண் போட்டாராம். இன்றைக்கு முதல் தந்தியா என்று கேட்டால், நிலையம் திறந்து ஆறு ஆண்டுகளில் இதுவே முதல் தந்தி என்று பதில் வந்தது. சைபீரியாவில் பைகால் ஏரிப் பக்கம் மரப்பாலம் ஒன்று உடைந்து கார் பின்பக்கமாகக் கீழே விழுந்தது. தூக்கி நிறுத்தியபோது எஞ்சின் மறுபடி ஓடியது. சாலை அழிந்து கிடந்த இடங்களில் அனுமதி வாங்கி ரயில் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டினார்கள். யூரல் பக்கம் ஒரு மரச்சக்கரம் நொறுங்கியது. ரஷ்யக் கிராமத் தச்சர் ஒருவர் கோடரியை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செப்பனிட்டார். மாஸ்கோவிலிருந்து நேரே மேற்கே போகாமல், விருந்துக்காகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சுற்றிக்கொண்டு போகும் அளவுக்கு இளவரசருக்கு நம்பிக்கை. பெல்ஜியத்தில் அதிவேகமாகப் போனதற்காக ஒரு போலீஸ்காரர் மறித்தார். பீக்கிங்கிலிருந்து வருகிறோம் என்றதை அவர் நம்பவில்லை. இவ்வளவுக்கும் பிறகு மற்ற வண்டிகளைவிடச் சுமார் மூன்று வாரம் முந்தி இட்டாலா பாரிஸை அடைந்தது. பர்சீனியின் நூல் 1908-ல் வந்து பல மொழிகளுக்குப் போனது.

இதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு கார்க் கம்பெனிக்குக் கிடைக்காது. ராஜமாதா மார்கெரித்தா இட்டாலா வாங்கினார். ‘பலொம்பெல்லா’ என்று பெயரிட்ட 1909-ஆம் ஆண்டு வண்டி இன்றும் டுரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அரண்மனைகளின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. அன்றைய இத்தாலி ஏழை நாடு. கார் வாங்கக்கூடியவர்களில் பெரும்பகுதி பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அங்கே பணம் இறுகினால் டுரினில் வேலை நின்றுவிடும். 1907-ல் நடந்தது அதுதான். 1905-06-ல் கார் என்று பெயர் வைத்தாலே பங்கு விலை ஏறியது. மறு ஆண்டு உலகப் பணச்சந்தை நெருக்கடியோடு குமிழி உடைந்தது. பல கம்பெனிகள் அப்போதே மூடின.

இங்கே ஃபியட்டைக் கவனிக்க வேண்டும். ஃபியட்டும் 1907-ல் சாவின் விளிம்புக்குப் போய்வந்த கம்பெனி. பங்கு விலையில் விளையாடியதாகவும் கணக்கைத் திரித்ததாகவும் 1908-ல் ஃபியட்டை நடத்திய ஜொவான்னி அக்னெல்லி மீதே குற்றச்சாட்டு வந்தது, 1912-ல் விடுதலையானார். வங்கி கைகொடுத்து மூலதனத்தை மறுபடி கட்டியது. ஆகவே நெருக்கடிதான் இட்டாலாவை வீழ்த்தியது என்று சொல்ல முடியாது. அது இருவரையும் அடித்தது. வேறுபாடு அடுத்த சில ஆண்டுகளில் தெரிகிறது. அக்னெல்லி பந்தயத்தை விடவில்லை. ஆனால் அதோடு லாரி, கப்பல் எஞ்சின், வில்லார் பெரோசாவில் பால் பேரிங் தொழிற்சாலை என்று கிளை பரப்பினார். 1911-ல் இத்தாலி லிபியா மீது படையெடுத்தபோது ராணுவத்துக்கு ஃபியட் லாரிகள் போயின. 1912-ல் ‘ஜீரோ’ என்ற சின்னக் கார் வந்தது.

அதே 1912-ல் இட்டாலா என்ன செய்தது? சுழல் வால்வு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய பணக்கார வாடிக்கையாளரின் பெரிய புகார் சத்தம். சாதாரண எஞ்சினில் வால்வுகள் மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் டைம்லர் கம்பெனி தட்டும் வால்வையே எடுத்துவிட்டு நைட் என்பவரின் உறை வால்வைப் போட்டு, சத்தமில்லாத கார் என்று பெயர் வாங்கியிருந்தது. பல்லோக்கோவின் விடை, சிலிண்டர்களுக்கு அருகே சுழலும் ஓர் உருளை. அதில் வெட்டிய துளைகள் சரியான நேரத்தில் திறந்து மூடி, உள்ளே போகும் கலவையையும் வெளியே வரும் புகையையும் கட்டுப்படுத்தும். காகிதத்தில் அழகான யோசனை. உருளை இறுக்கமாக இருந்தால் சூட்டில் விரிந்து பிடித்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் அழுத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் போதிய அளவு போய்ச் சேர வேண்டும். சுழல் வால்வைத் தொட்ட எல்லோரையும் படுத்திய சிக்கல் இது.

1913-ல் அமியான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு இட்டாலா சுழல் வால்வுக் கார்களை அனுப்பியது. ஒன்றும் ஓடி முடிக்கவில்லை. அதைவிடப் பெரிய அடி, பந்தயத்துக்கு முந்தைய வெள்ளோட்டத்தில் குயிதோ பிஜோ விபத்தில் இறந்தது. நிர்வாகத் தலைவரே பந்தயக் காரை ஓட்டிப் பார்க்கும் கம்பெனி அது. அதன் வீரியமும் பலவீனமும் இந்த ஒரு தகவலில் இருக்கின்றன. அக்னெல்லி பந்தயக் காரில் உயிரை விட்டிருப்பார் என்று கற்பனைகூடச் செய்ய முடியாது.

ஆனாலும் சுழல் வால்வை முதன்மைக் குற்றவாளியாக்க எனக்குச் சம்மதமில்லை. சாதாரண வால்வு வண்டிகளையும் இட்டாலா தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருந்தது. புதுமையால் கம்பெனி அழியும் என்றால் லான்சியா அழிந்திருக்க வேண்டும்.

போர் வேறு விஷயம். இட்டாலா, மார்க் பிர்கிட் வடிவமைத்த இஸ்பானோ-சுயிசா வி-8 விமான எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்ய ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் 3,000 எஞ்சின்களுக்கு. அந்த எஞ்சின் அலுமினிய வார்ப்பும் நுணுக்கமான எந்திர வேலையும் கேட்பது. சில நூறு கார்களைக் கைப்பழக்கத்தில் கட்டிய பட்டறை, புதிய எந்திரங்கள் வாங்கி, புதிய ஆட்களை எடுத்து, இன்னொருவர் வரைபடத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். கடைசியில் இட்டாலாவுக்கு மிஞ்சியது நட்டம். போர் முடிந்தபோது கையில் கடனும், விமான எஞ்சினுக்காக வாங்கிய எந்திரங்களும் இருந்தன.

ஃபியட் போரில் நுழைந்தபோது அதனிடம் சுமார் 4,000 தொழிலாளிகள். வெளியே வந்தபோது சுமார் 40,000. அதன் ஏ-12 விமான எஞ்சின் சொந்த வடிவமைப்பு, 13,000-க்கும் மேல் செய்யப்பட்டது. லாரிகள் இன்னொரு பக்கம். போர் நடக்கும்போதே 1916-ல் லிங்கொத்தோ தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்: ஐந்து மாடி, கீழ்த்தளத்தில் நுழையும் இரும்பு மேலே ஏற ஏறக் காராகி, கூரை மீதுள்ள ஓட்டப்பாதையில் வெள்ளோட்டம் விடப்படும். ஆக, ஒரே போர் ஒருவரை நாட்டின் பெருந்தொழிலாக்கியது, இன்னொருவரைக் கடனாளியாக்கியது. போர் ஒப்பந்தமே கவிழ்த்தது என்ற விடையில் உள்ள குறை இதுதான். ஒப்பந்தம் கெடுதல் அல்ல. பெரும் எண்ணிக்கையில் செய்யும் பழக்கம் முன்பே இல்லாதவருக்கு அது கெடுதல். அந்தப் பழக்கத்தை ஃபியட் 1907-க்கும் 1914-க்கும் நடுவே கற்றது. அந்த ஏழு ஆண்டுகளில் இட்டாலாவின் கவனம் சத்தமில்லாத எஞ்சின் மேல் இருந்தது.

கடைசிப் பத்தாண்டு விறுவிறுப்பானது, துயரமானது. 1924-25-ல் கடன் கொடுத்தவர்கள் கம்பெனியைப் பொறுப்பில் எடுத்தார்கள். ஃபியட்டில் பந்தயக் கார்களில் வேலை செய்த ஜூலியோ செசாரே கப்பாவைக் கூட்டிவந்தார்கள். கப்பா கைதேர்ந்த பொறியாளர். அவர் செய்த ‘61’ என்ற ஆறு சிலிண்டர், இரண்டு லிட்டர் கார் உண்மையிலேயே நல்ல வண்டி. அதோடு நின்றிருக்கலாம். முன்சக்கரங்கள் இழுக்கும், 12 சிலிண்டர் கொண்ட, எல்லாச் சக்கரத்துக்கும் தனித்தனி வில் அமைப்புள்ள ஒரு சின்னப் பந்தயக் காரையும் அவர் வரைந்தார். செய்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள். பந்தயத்தில் அது ஓடவேயில்லை. கடன்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் பன்னிரண்டு சிலிண்டர் பந்தயக் கார்!

அதே 1925-ல் ஃபியட் 509 வந்தது. ஒரு லிட்டருக்கும் குறைந்த எஞ்சின். தவணையில் வாங்குவதற்கென்றே ‘சாவா’ என்ற நிதி நிறுவனத்தையும் ஃபியட் தொடங்கியது. சில ஆண்டுகளில் 509 ஏறக்குறைய 90,000 விற்றது. டாக்டரும் வக்கீலும் கடைக்காரரும் இத்தாலியில் கார் வாங்கத் தொடங்கியது இப்படித்தான். அவர்களுக்கு விற்க இட்டாலாவிடம் ஒரு வண்டியும் கிடையாது. 1930-ஐ ஒட்டி இட்டாலா, லாரி செய்யும் டோர்டோனா கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், சில வண்டிகள் மட்டும் கட்டி, பின்பு மிச்சம் மீதி ஃபியட்டுக்கே போனது. மத்தேயோ செய்ரானோவின் ஸ்பா அதற்கு முன்பே, 1920களின் நடுவில், ஃபியட்டுக்குப் போயிருந்தது. ஜொவான்னியின் ஸ்காட்டும் 1930களின் தொடக்கத்தில் அங்கேயே சேர்ந்தது. மூத்தவர் பட்டறை 30,000 லீராவுக்குப் போனதில் தொடங்கிய கொள்முதல் தம்பிகளின் கம்பெனிகளோடு முடிந்தது.

ஃபியட்டின் நிழலில் யாரும் வளர முடியாது என்ற கடைசி வாதத்துக்கு எதிர்ச்சாட்சி லான்சியா. செய்ரானோ பட்டறையில் கணக்கு எழுதிய அதே வின்சென்சோ, 1906 நவம்பரில் கிளாவுதியோ ஃபொகொலினோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி. ஃபியட்டின் அதே ஊர், இட்டாலாவைப் போலவே சிறியது, விலையும் குறைவில்லை. 1922-ல் வந்த ‘லம்ப்டா’ உடலையும் சட்டத்தையும் ஒன்றாக்கி, முன்சக்கரங்களுக்குத் தனித்தனி வில் கொடுத்த கார். சுழல் வால்வைவிடத் துணிந்த புதுமை. சுமார் 13,000 விற்றது. வேறுபாடு என்ன? லான்சியாவில் முதலாளி, தலைமைப் பொறியாளர், வெள்ளோட்டம் பார்ப்பவர் மூவரும் ஒரே ஆள், அவர் 1937-ல் இறக்கும் வரை விலகவில்லை. ஒரு வண்டியைப் பிடித்தால் பத்தாண்டு அதையே செப்பனிட்டு விற்றார். இட்டாலாவில் தோற்றுவித்தவர் போனார், நடத்தியவர் செத்தார், கடைசியில் பொறுப்பு கடன் கொடுத்தவர்களிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் கம்பெனியைக் காப்பாற்ற ஒரே பெரிய வீச்சு தேவைப்பட்டது: ஒரு கோப்பை, ஒரு வால்வு, ஒரு ராணுவ ஒப்பந்தம், ஒரு பன்னிரண்டு சிலிண்டர்.

ஆகவே என் கணிப்பில் காரணங்களின் வரிசை இப்படி நிற்கிறது: நிலையான கை இல்லாதது முதல், நடுத்தர விலைக்கு வண்டி இல்லாதது அடுத்தது, போர்க்கடன் மூன்றாவது, சுழல் வால்வு கடைசி. இந்த வரிசைக்கு எதிராகவும் ஒரு வலுவான தகவல் உண்டு. லான்சியாவும் நிலையான கை போன பிறகு கடனில் மூழ்கி, 1950களில் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், 1969-ல் ஃபியட்டிடமே வந்து சேர்ந்தது. நல்ல நிர்வாகம் இட்டாலாவுக்கு இன்னொரு முப்பது, நாற்பது ஆண்டுகள் வாங்கித் தந்திருக்கும். அதற்கு மேல் தந்திருக்குமா என்பதை லான்சியாவை வைத்து நிறுவ முடியாது.